பையன் கைக்கு மதுப் பாட்டில் எப்படி வந்தது?

கேள்வி:

"ஐயா, உச்சிப்புளிப் பக்கம் கடற்கரையில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. நான் கடல்பாசி எடுக்கிற வேலை செய்கிறேன், மகளிர் குழுவில் ஊக்குநராகவும் இருக்கிறேன். என் அண்ணன் மகனுக்கு 16 வயது. பிளஸ் ஒன் பரீட்சை எழுதிவிட்டு லீவில் இருக்கிறான். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் மண்டபத்தில் விசைப்படகுகளுக்குப் பெயின்ட் சுரண்டுகிற வேலைக்குப் போகிறான். போன வாரம் ஒருநாள் ராத்திரி நினைவில்லாதவனை இரண்டு பேர் தூக்கிவந்து திண்ணையில் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். விசாரித்தால் அவன் மட்டும் இல்லை, அந்த வயதுப் பையன்கள் ஏழெட்டுப் பேருக்கு இது பழக்கம் என்கிறார்கள். குடித்த பையன்களைக் கோயில் முன்னால் நிறுத்தி ஆளுக்கு 5,000 ரூபாய் அபராதம் போடலாம் என்கிறது ஊர்க் கமிட்டி. பள்ளிக்கூடம் திறந்ததும் விழிப்புணர்வுக் கூட்டம் போடலாம் என்கிறார் தலைமையாசிரியர். நாங்கள் பெண்கள், கடையை மூடச் சொல்லிக் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரலாம் என்று நினைக்கிறோம். அண்ணனும் குடிக்கிறவர்தான், அதனால் மகனைக் கண்டிக்க வாய் வரவில்லை. எதைச் செய்தால் பலன் இருக்கும்? அவனுக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கலாமா?"

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது அந்தத் திண்ணையைத் தாண்டி என்னால் உடனே போக முடியவில்லை. விடியும்வரை யாராவது அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பையன் எழுந்துவிட்டான், சரி. ஆனால் இதே இரவு நாளை இன்னொரு வீட்டுத் திண்ணைக்கும் வரும். அதனால் அதை முதலில் பேசிவிடுகிறேன்.

குடித்து மயங்கிய ஆளை மல்லாக்கப் படுக்கவிடக் கூடாது. வாந்தி வந்து மூச்சுக்குழாயில் இறங்கினால் அவ்வளவுதான். ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தட்டிக் கூப்பிட்டும் கண் திறக்கவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது, உடம்பு சில்லிட்டிருக்கிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால், இதில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். தலையில் தண்ணீர் கொட்டுவதும் வேண்டாம், குடித்த உடம்பு ஏற்கெனவே சூட்டை இழந்துகொண்டிருக்கும். (கடல் குளிருக்கு ஒரு கட்டிங் போட்டால் சூடு ஏறும் என்று நம் ஆட்கள் சொல்வார்கள். ஏறுவது தோலில் உணர்கிற சூடுதான். உள்ளே இருக்க வேண்டிய சூடு வெளியே போவதைத்தான் அவர்கள் சூடு ஏறுகிறது என்கிறார்கள்.) "தூங்கினால் தெளிந்துவிடும்" என்றும் நம்பிவிடாதீர்கள். வயிற்றில் மிச்சம் இருப்பது தூங்கின பிறகும் ரத்தத்தில் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

தூக்கிவந்த அந்த இரண்டு பேர் ஏன் ஓடினார்கள்? மாட்டிக்கொள்வோம் என்ற பயம். அவர்களும் சின்னப் பையன்களாக இருந்தால், ஆள் அனுப்பியாவது சொல்லிவிடுங்கள்: அடுத்த முறை இப்படி ஆனால் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள், யாரும் உங்களை ஒன்றும் கேட்கமாட்டோம். இந்த ஒரு வாக்குறுதியை ஊர் கொடுத்து, கொடுத்தபடி நடந்துகொண்டால் ஒரு உயிரைக் காப்பாற்றலாம்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அபராதம், கூட்டம், தீர்மானம் என்று மூன்று யோசனைகளை எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டும் பையனைப் பார்க்கின்றன, மூன்றாவது கடையைப் பார்க்கிறது. நடுவில் ஒரு கை இருக்கிறது. அதை யாருமே பார்க்கவில்லை.

தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது. டாஸ்மாக் கடைகளில் போர்டே தொங்குகிறது. அங்கே முகத்தைப் பார்த்து வயது கேட்கிறவர்களும் உண்டு, கேட்காதவர்களும் உண்டு. ஆனால் 15, 16 வயதுப் பையன்களோடு இத்தனை வருடம் உட்கார்ந்து பேசியதில் எனக்குத் தெரிந்தது, அவர்களில் பெரும்பாலானவர்கள் தங்கள் முதல் பாட்டிலைக் கடையில் வாங்கவில்லை. யாரோ ஒரு பெரியவர் கொடுத்தது. படகு இழுத்துக் கரையேற்றினதற்குப் படகுச் சொந்தக்காரரான ஒரு சம்மாட்டி "இந்தாங்கடா, ஆளுக்குக் கொஞ்சம்" என்று கொடுத்தது. கபடியில் கோப்பை வாங்கிய ராத்திரி டீமின் மூத்த அண்ணன்கள் வாங்கித் தந்தது. கல்யாணத்துக்கு முதல்நாள் மாப்பிள்ளை வைத்த பார்ட்டியில் மிச்சம் இருந்தது. அப்பா "போய் ஒரு குவாட்டர் வாங்கிட்டு வா" என்று அனுப்பி, பையன் வழியில் மூடியைத் திறந்து பார்த்தது. உங்கள் அண்ணன் மகன் விஷயத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் தடைக்காலத்தில் படகு வேலைக்குப் போகிற பையனுக்குச் சாயங்காலம் கூலி எப்படிக் கொடுக்கப்படுகிறது என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

தடைக்காலத்தை நான் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். 2017-க்கு முன்பு 45 நாளாக இருந்தது. பள்ளிக்கூட லீவும் ஏறக்குறைய இதே நாட்களில்தான் வருகிறது. ஒருபக்கம் வேலையில்லாமல் கரையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள், இன்னொருபக்கம் லீவில் இருக்கிற பையன்கள், இரண்டு பேரும் ஒரே கருவேலமர நிழலில். மற்ற மாதங்களில் கடலுக்குள் இருக்கிற ஆள் இப்போது முழுநாளும் கரையில் இருக்கிறார். பையன் அவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

விழிப்புணர்வுக் கூட்டத்தைப் பற்றி என் கதையையே சொல்கிறேன். நான் மனநல சமூகப் பணியாளன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தக் கடற்கரைப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் கெட்டுப்போன ஈரல் படத்தைத் தூக்கிக்கொண்டு போவேன். இது நல்ல ஈரல், இது குடித்த ஈரல், பார்த்துக்கொள்ளுங்கள் என்பேன். பையன்கள் ஆவென்று பார்ப்பார்கள். ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "சார், எங்க தாத்தா எண்பது வயசு வரைக்கும் குடிச்சாரு, கடைசில பாம்பு கடிச்சுத்தான் செத்தாரு" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். கூட்டம் முடிந்து சைக்கிளை எடுக்கும்போது இன்னொரு பையன் தனியாக வந்தான். "சார், கூலியையே பாட்டிலாத் தர்றாங்க. வேணாம்னா பொம்பளையாடான்னு கேக்குறாங்க. அப்ப என்ன சொல்லணும்?" என்றான். என்னிடம் பதில் இல்லை. ஈரல் படத்தில் அதற்குப் பதில் இருக்கவில்லை. அந்தப் படங்களை அதற்குப் பிறகு நான் எடுத்துப் போகவில்லை.

பயமுறுத்துகிற ஒருநாள் கூட்டத்தால் பையன்களின் பழக்கம் மாறுவதில்லை. இது என் அனுபவம் மட்டும் இல்லை, பல நாடுகளில் பார்த்துச் சலித்த விஷயம். மாறின இடம் என்று ஐஸ்லாந்தைச் சொல்வார்கள். நம்மைப் போலக் கடலை நம்பிப் பிழைத்த நாடு அது. மொத்த ஜனத்தொகையே 4 லட்சத்துக்குள். 1998-ல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 100-க்கு 42 பேர் முந்தைய ஒரு மாதத்தில் போதை ஏறும் அளவுக்குக் குடித்திருந்தார்கள். 2016-ல் அது 5 ஆகக் குறைந்தது. பிள்ளைகளிடம் அவர்கள் ஈரல் படம் காட்டிக்கொண்டு இருக்கவில்லை. பெயர் எழுதாத தாளில் பள்ளிப் பிள்ளைகளிடம் வருடம் தவறாமல் கேட்டார்கள். வந்த பதிலை அந்தந்த ஊர்ப் பெற்றோர் முன்னால் வைத்தார்கள். பிள்ளைகளுக்கு வாங்கித் தரமாட்டோம், இத்தனை மணிக்கு மேல் வெளியே விடமாட்டோம் என்று பெற்றோர்கள் சேர்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். சாயங்காலம் போக விளையாட்டு, பாட்டு என்று இடம் ஏற்படுத்திக் கொடுத்தார்கள். அங்கே மது வாங்க 20 வயது ஆகியிருக்க வேண்டும், அந்தச் சட்டத்தையும் தளர்த்தவில்லை. இவ்வளவும் பெரியவர்கள் செய்தது.

ஆகவே தலைமையாசிரியர் கூட்டம் போடட்டும், ஆனால் அழைப்பு பெற்றோருக்கும் படகுக்காரர்களுக்கும் போகட்டும். பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, அதன் வழியாகவே கூப்பிடலாம். அதற்கு ஒரு வாரம் முன்பு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை பிள்ளைகளிடம் ஒரு துண்டுத் தாள் கொடுத்து மூன்று கேள்வி மட்டும் கேட்கச் சொல்லுங்கள். இதுவரை குடித்திருக்கிறாயா, முதல்முறை யார் கொடுத்தது (ஆள் பெயர் வேண்டாம்: சொந்தக்காரர், கூட்டாளி, வேலை கொடுத்தவர், கடை என்று போதும்), எந்த இடத்தில். பெயர் எழுதக் கூடாது, கையெழுத்து தெரியாமல் டிக் மட்டும் போட்டு உண்டியல் போன்ற பெட்டியில் போட வேண்டும். அந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பெற்றோர் கூட்டத்தைத் தொடங்குங்கள். "வேலை கொடுத்தவர்: 11" என்று பலகையில் இருந்தால் அதற்கு மேல் நான் வந்து சொற்பொழிவு ஆற்ற வேண்டியதில்லை.

அந்தக் கூட்டத்தில் இரண்டு விஷயத்தைப் பெரியவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். ஒன்று பீர். "பீர்தானே, ஜூஸ் மாதிரி" என்று சொல்லித்தான் பையன்களுக்குத் தொடங்கிவைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 180 மில்லி குவாட்டரில் ஆல்கஹால் 42.8 சதவீதம், அதாவது சுமார் 77 மில்லி. 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் 8 சதவீதம் என்றால் 52 மில்லி. ஒரு முழு பீர் குடித்த பையன் குவாட்டரில் மூன்றில் இரண்டு பங்கு குடித்திருக்கிறான். இரண்டாவது வயது. 1997-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் 100-க்கு 40 பேருக்கு மேல் வாழ்க்கையின் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள். 20 வயதுக்கு மேல் தொடங்கியவர்களில் அது 10 பேர் அளவுதான். ஆசையை அடக்கி யோசிக்கிற மூளைப் பகுதி முதிர இருபது வயதைத் தாண்டிச் சில வருடங்கள் ஆகும். 'எப்படியும் குடிக்கத்தானே போகிறான், நம் கண் முன்னால் குடிக்கட்டும்' என்று சொல்கிற அப்பாக்களுக்கு என் பதில் இதுதான். தள்ளிப்போகிற ஒவ்வொரு வருடமும் அவனுக்கு லாபம்.

அபராதத்துக்கு வருகிறேன். பையன்களைக் கோயில் முன்னால் நிறுத்துவதை எப்படியாவது தடுத்துவிடுங்கள். 5,000 ரூபாயை எந்தப் பையன் கட்டுவான்? அம்மா கம்மலை அடகு வைத்துக் கட்டுவாள். நிறுத்தப்பட்டவன் பள்ளிக்கூடத்துக்குப் போக வெட்கப்படுவான், கடலுக்குப் போகத் தொடங்குவான், அங்கே குடிக்கிறவர்களோடு முழுநேரமாகச் சேர்வான். மற்ற பையன்கள் ஒளிந்து குடிக்கக் கற்றுக்கொள்வார்கள். ஒளிந்து குடிக்கிறவன் மயங்கினால் திண்ணைவரைகூடத் தூக்கிவர ஆள் இருக்காது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் அவன் படத்தைப் போடுகிற புண்ணியவான் யாராவது இருந்தால் அவரையும் தடுத்துவிடுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கமிட்டியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லப்போகிறவர்களில் எத்தனை பேர் போன திருவிழாவில் பையன்களுக்கு ஊற்றிக் கொடுத்தவர்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் பையன்களுக்குத் தெரியும்.

ஊர்க் கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்லவில்லை. கடற்கரை ஊரில் போலீஸைவிட அதற்குத்தான் மதிப்பு. கட்டுப்பாட்டை யார்மேல் வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. உங்களுக்கே இது புதிது இல்லையே. பாசி எடுக்கிற பெண்கள் மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே வகுத்துக்கொண்டது எந்த அதிகாரி போட்ட உத்தரவு? 2015-ல் பாசி எடுக்கிற பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி அம்மாவுக்கு, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தருகிற சீகாலஜி விருதை அமெரிக்காவில் கொடுத்தபோது, கடலையும் காப்பாற்றிக்கொண்டு பிழைப்பையும் நடத்துகிற அந்த ஒழுங்கையும் சேர்த்துத்தான் பாராட்டினார்கள். வளர்கிற பாசியைப் பறிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்ட ஊர், வளர்கிற பிள்ளைக்கும் ஒன்று போடலாம்.

அது எப்படி இருக்கலாம் என்றால், ஒரே தாளில் அடங்கும்படி இருக்கட்டும். யாரும் 21 வயதுக்குக் கீழே உள்ள யாருக்கும் வேலைக்குக் கூலியாகவோ, கூலிக்கு மேல் இனாமாகவோ சரக்கு கொடுக்கக் கூடாது. பணமாகத்தான் தர வேண்டும், அதுவும் பொழுது சாய்வதற்கு முன்னால். சொந்த மகனே ஆனாலும் அவனைக் கடைக்கு அனுப்பக் கூடாது. கபடிக் குழு ஜெயித்தால் பிரியாணி உண்டு, பாட்டில் கிடையாது. மீறினால் குழுவின் கேப்டனும் செலவு செய்தவரும் பொறுப்பு. புதுப் படகு இறக்குகிற அன்றும், கல்யாண வீட்டு ராத்திரியிலும், திருவிழாவிலும் பையன்கள் இருக்கிற இடத்தில் பாட்டில் திறக்கக் கூடாது. மீறினால் அபராதம் கொடுத்த பெரியவருக்கு. அதே 5,000 இருக்கட்டும், அந்தப் பணம் பையன்களுக்குக் கபடி மேட், வாலிபால் வலை என்று போகட்டும்.

இதற்குச் சட்டமும் துணை இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவின்படி, டாக்டர் சொல்லாமல் 18 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். 78-ஆம் பிரிவு, மது விற்க, சுமக்க, கொண்டுபோய்க் கொடுக்கக் குழந்தையைப் பயன்படுத்துகிறவருக்கு, தண்டனை அதேதான். "இந்தாடா கொஞ்சம்" என்று கொடுக்கிற சம்மாட்டிக்கு இது தெரியாது. அவரைக் கேஸில் மாட்டிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கமிட்டித் தாளின் அடியில் இந்த இரண்டு பிரிவையும் அச்சடித்து ஏலக்கூடத்திலும் ஐஸ் கம்பெனி வாசலிலும் ஒட்டினால் போதும், பலபேர் கை தானாக மடங்கும். ஒட்டிய பிறகும் ஒருவர் தொடர்ந்து கொடுக்கிறார் என்றால் 1098 குழந்தைகள் உதவி எண் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

கமிட்டியில் ஆண்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்களா என்று கேட்பீர்கள். குடியையே விடச் சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். அதனால் அந்தப் பேச்சை இப்போது எடுக்காதீர்கள். "நீங்கள் குடிப்பது, விடுவது வேறு பேச்சு. பிள்ளைகள் கைக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்" என்று அங்கேயே நில்லுங்கள். குடிக்கிற அப்பன்களே இதற்கு முதலில் கை தூக்குவதை நான் பார்த்திருக்கிறேன். தன்னைப் போல மகன் ஆகக் கூடாது என்ற எண்ணம் அவர்களுக்கு இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு ஊரில் இப்படித் தாள் எழுதி ஒட்டிய முதல் மாதத்திலேயே இரண்டு முறை மீறினார்கள். இரண்டாவது முறை மாட்டியவர் கமிட்டி உறுப்பினர் ஒருவரின் மருமகன். அபராதத்தை மாமனாரே கட்டினார், முணுமுணுத்துக்கொண்டுதான். அதற்குப் பிறகுதான் பையன்களின் அம்மாக்கள் அந்தத் தாளை நம்பினார்கள்.

பக்கத்து ஊர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஊரில் கிடைக்காவிட்டால் பையன் பைக்கில் அடுத்த ஊருக்குப் போவான். கோயில் கமிட்டியோ ஜமாத்தோ பங்குப் பேரவையோ, எது அந்த ஊரில் பேச்சு எடுபடுகிற இடமோ அங்கே போய்ப் பேசுங்கள். சில ஊர்களில் "எங்கள் பிள்ளைகளிடம் அதெல்லாம் கிடையாது" என்று முடித்துவிடுவார்கள். அப்படிச் சொல்கிற ஊரில் மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு உதவி கேட்கக்கூட வாய் வராது என்பதை மட்டும் பக்குவமாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.

கிராம சபைத் தீர்மானம் கட்டாயம் கொண்டுவாருங்கள், ஆனால் கடை மூடல் ஒன்றை மட்டும் வைத்து வேண்டாம். தீர்மானம் போட்ட மறுநாள் கடை பூட்டிவிடாது. மூடுகிற அதிகாரம் மேலே இருக்கிறது. ஊரின் விருப்பம் எழுத்தில் இருந்தால் கலெக்டரிடம் பேச ஒரு பிடிமானம் கிடைக்கும். உங்கள் ஊர்க் கடை பள்ளிக்கூடத்திலிருந்தும் கோயிலிலிருந்தும் எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். ஊராட்சிப் பகுதியில் 100 மீட்டருக்குள் கடை வைக்கக் கூடாது என்பது விதி. அதற்குள் இருந்தால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அளவோடு மனு கொடுங்கள். வெளியே இருந்தால் மூடச் சொல்வதில் பாதிப் பலத்தையாவது வேறொன்றில் செலவிடுங்கள்.

அந்த வேறொன்று, பிளாக்கில் விற்பது. ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, கிராம சபை கூடுகிற இந்த நான்கு நாட்களிலும் டாஸ்மாக் கடை கிடையாது. நீங்கள் பந்தலில் உட்கார்ந்து தீர்மானம் படிக்கிற நேரத்தில் யார் வீட்டுக் கொல்லைப்புறத்தில் கூட்டம் கூடுகிறது என்று பாருங்கள். பகல் 12 மணிக்குக் கடை திறப்பதற்கு முன்னால் காலையில் எங்கே கிடைக்கிறது என்பதையும் பாருங்கள். கடைக்காரர் ஒருவேளை வயது கேட்பார். பிளாக்கில் விற்கிறவர் பத்து வயதுப் பிள்ளை காசு நீட்டினாலும் கொடுப்பார், சிலசமயம் அந்தப் பிள்ளையையே வைத்து விற்பார். இதற்கு மதுவிலக்குப் பிரிவின் 10581 என்ற இலவச எண் இருக்கிறது. தனியாள் பெயரில் வேண்டாம், குழுவின் பெயரில் பேசுங்கள். பேசிய தேதியை நோட்டில் எழுதி வையுங்கள், அடுத்த கிராம சபையில் அந்த நோட்டைப் படியுங்கள். கடையை மூடினால் மட்டும் போதும் என்று நான் சொல்லாததற்கும் இதுதான் காரணம். 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்தில் எக்கியார்குப்பம் என்கிற மீனவ ஊரில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துப் பலர் செத்தார்கள், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேல். மறைவில் விற்பதை அப்படியே விட்டுவிட்டுக் கடையை மட்டும் அப்புறப்படுத்தினால் பையன்கள் போய் நிற்கிற இடம் எது என்று யோசியுங்கள்.

ஆகஸ்ட் 15-க்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் கடை மேற்பார்வையாளரை நான்கைந்து பெண்களாகப் போய்ப் பார்த்து, "இந்த ஊர்ப் பையன்கள் வந்தால் வயது கேளுங்கள், கேட்டதற்காக யாராவது தகராறு செய்தால் நாங்கள் உங்கள் பக்கம் நிற்போம்" என்று சொல்லிப் பாருங்கள். திட்டப்போகிறார்கள் என்று நினைத்துப் பயந்திருப்பார். தைரியம் சொல்ல வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் கேட்பார் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் அவரும் பிள்ளை பெற்றவர்தான்.

உங்கள் அண்ணன் மகனிடம் யார் பேசுவது? நீங்கள்தான். அப்பா பேசினால் "நீ மட்டும்?" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவான். அம்மா பேசினால் அழுகையாகிவிடும். அத்தைக்கு நம் வீடுகளில் ஒரு சலுகை உண்டு, கேலி செய்துகொண்டே கண்டிக்கலாம். குடித்திருக்கும்போது பேசாதீர்கள். ஏதாவது வேலை செய்துகொண்டே பேசுங்கள், முகத்துக்கு நேராக உட்காரவைத்து விசாரிக்க வேண்டாம். யார் கொடுத்தது என்று தொடங்கினால் காட்டிக்கொடுக்கச் சொல்வதாக நினைத்து வாயை மூடிக்கொள்வான். அன்றைக்குப் படகில் வேலை எப்படி இருந்தது, சாயங்காலம் என்ன நடந்தது என்று போனால் தானாக அங்கே வந்துவிடுவான். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு ஒரு சாக்கு தேவை. "எங்க அத்தை ஊதச் சொல்லி மோந்து பாக்கும்" என்பதுகூடப் போதும், உங்கள் பெயரைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். அவன் வேலை செய்கிற படகின் சம்மாட்டியிடம் நீங்களே நேரில் போய், கூலியை மட்டும் கொடுங்கள் என்று கேளுங்கள். அவர் மறுத்தால் வேறு படகு பார்க்கலாம். அவன் வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் குடிக்கிறான், கிடைக்காவிட்டால் எரிச்சலாகிறான், தூக்கமில்லை என்றால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். முதலில் போனில் பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். அவர் குடியை விடுவது அவர் பாடு, அதற்கும் அதே ஆஸ்பத்திரியில் வைத்தியம் இருக்கிறது. ஆனால் இனி மகனைக் கடைக்கு அனுப்பமாட்டேன், வீட்டில் பாட்டில் வைக்கமாட்டேன் என்று மகன் காதில் விழும்படி ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள். தான் குடிப்பதால் பேசத் தகுதியில்லை என்று அவர் நினைக்கிறார். "எனக்கு இது பிடித்துக்கொண்டது, விட முடியவில்லை, நீ தொடாதே" என்று குடிக்கிற அப்பா சொல்வதைப் பையன்கள் மறப்பதில்லை. என்னிடம் வந்த பையன்களில் சிலர் அதைச் சொல்லி அழுதிருக்கிறார்கள்.

கீழாநெல்லி வேண்டாம். ஒன்றிரண்டு முறை குடித்த 16 வயதுப் பையனுக்கு ஈரலுக்கு என்று தனி மருந்து எதுவும் தேவையில்லை. கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, வயிறு விடாமல் வலித்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். மற்றபடி நேரத்துக்குச் சாப்பாடு. படகு வேலைக்குப் போகிற பையன் காலையில் வெறும் வயிற்றோடு போய், மத்தியானம் டீயும் பன்னும் தின்று, சாயங்காலம் வெறும் வயிற்றில்தான் அதைக் குடித்திருப்பான், அதனால்தான் அப்படி விழுந்திருக்கிறான். நாளைக் காலையிலிருந்து ஒரு தூக்குவாளி பழைய சோறும் சுட்ட கருவாடும் கொடுத்தனுப்புங்கள்.